பென்சிலில் எழுதித் திருப்பிய மனுக்கள்

"கேக்காதவ மவ கேக்கப் போறாளாம்."

மீன் ஏலம் கூறும் சித்தப்பா கடற்கரையில் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க அதில் விஷயம் இருந்தது. என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. நான் சட்டமன்றத்தில் கேட்பதற்குக் கேள்வி எழுதித் தரும் வேலையில் அன்று காலையில்தான் சேரப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டார். அவர் சொந்தச் சித்தப்பா இல்லை. காரைக்காலை ஒட்டிய எங்கள் மண்டபத்தூரில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் எனக்குச் சித்தப்பாதான்.

"நான் எழுதிக் குடுக்கறதோட சரி. கேக்கப் போறது எம்.எல்.ஏ.," என்றேன்.

"அப்ப நீயும் கேக்க மாட்ட. ஒங்கம்மா மாதிரிதான்," என்றார். இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது.

அம்மா மீன் கூடையோடு பக்கத்தில்தான் நின்றாள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ நல்லது சொல்லியிருக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். நான் பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தவள். பதில் சொல்லாமல் நடந்ததே என் அளவில் பெரிய அடக்கம்.

அம்மாவின் காது எப்போது மங்கியது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அவள் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். ஏலத்தில் சித்தப்பாவின் வாயையும் மற்றப் பெண்களின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்து விலையைப் புரிந்துகொள்வாள். தொற்றுக் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான் காது எவ்வளவு மங்கியிருந்தது என்பது வெளியே வந்தது. உதடுகள் மறைந்ததும் அவளுக்கு ஊரே மௌனமாகிவிட்டது. யாரோ கேட்ட விலையை இன்னொருவர் கேட்டதாக நினைத்துக் கை தூக்கி, யாருக்கும் வேண்டாத ஒரு கூடைக் காரப்பொடி மீனோடு வீட்டுக்கு வந்தாள். முகக்கவசம் போன பிறகும் அந்தத் தடுமாற்றம் போகவில்லை. கூட வியாபாரம் செய்யும் அக்காமார்கள், "நீ வூட்டுல இருந்துக்க, நாங்க ஒனக்கும் சேத்து எடுத்துட்டு வாறோம்," என்று சொல்லத் தொடங்கினார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் ஏலத்தில் தன் கூடையைத் தானே எடுக்காத பெண்ணைக் கடற்கரை சீக்கிரம் மறந்துவிடும். அம்மாவுக்கு அது தெரியும். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

அரசாங்கம் காது கேட்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. மனுவை நான்தான் நிரப்பினேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு காரைக்கால் சமூக நல அலுவலகத்துக்குப் போனாள், திரும்பக் கொண்டு வந்தாள். மேல் மூலையில் பென்சிலில் சின்ன எழுத்தாக, 'காது பரிசோதனைச் சான்று இணைக்க' என்று இருந்தது. அந்தச் சான்று தரும் பரிசோதகர் அப்போது காரைக்காலில் இல்லை. புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஒருமுறை அம்மாவைக் கூட்டிப் போனேன். நாலு மணி நேரப் பேருந்து. போன அன்று பரிசோதகர் விடுப்பு. வரும் வழியெல்லாம் அம்மா சன்னலோரம் வாந்தி எடுத்தபடி வந்தாள். "இனிமே அந்தப் பக்கமே கூப்புடாத," என்றாள். மனு அரிசி டிரம்முக்குள் போய்விட்டது.

நான் சேர்ந்தது காரைக்காலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம். அவரை ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேரவை கூடப் போகிறது என்றால் அவர் கேட்க நினைப்பவற்றை நான் வினாவாக எழுதித் தட்டச்சு செய்வேன். அதற்கென்று ஒரு நடை உண்டு. 'கீழ்க்கண்ட வினாவிற்கு அமைச்சர் விடையளிப்பாரா' என்று தொடங்கி, அ, ஆ, இ என்று பிரித்துக் கேட்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட வினா என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் உறுப்பினர் துணைக் கேள்வியும் கேட்கலாம். குறி இல்லாத வினாவுக்கு அச்சடித்த தாள் வரும், அவ்வளவுதான்.

வினாக்களைப் புதுச்சேரியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. எங்கள் தலைநகருக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்திப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். புதுச்சேரிப் பகுதிக்காரர்கள் பையில் பாட்டில்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. முதல் பயணத்தில் ஒரு காவலர் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கே, உள்ள என்னாம்மா?" என்றார்.

"கேள்விங்க," என்றேன்.

அவர் திறந்து பார்த்தார். ஒரு தாளை எடுத்து இரண்டு வரி படித்தார். "எங்க ஊரு ரோட்டுக்கும் ஒண்ணு சேத்து எழுதும்மா," என்று சொல்லித் திருப்பித் தந்தார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வினாக்கள் கேட்டபோது அம்மாவின் மனுவைப் பற்றி ஐயாவிடம் சொன்னேன். அவர் உடனே கைபேசியை எடுத்தார்.

"சொந்த வூட்டு விஷயத்த இத்தன நாளா சொல்லலியேம்மா. இரு, நான் ஒரு ஃபோன் போடுறேன். வண்டி வச்சு அழைச்சிட்டுப் போயி, சான்று வாங்கி, அனுப்பிடுவாங்க."

"வேணாங்கய்யா."

"ஏன்?"

"ஒங்ககிட்ட வேல பாக்குற பொண்ணு, அம்மாவுக்கு வாங்கிக்கிச்சுன்னு பேச்சு வரும். வினாவா கேக்கலாங்கய்யா."

அவர் கைபேசியைக் கீழே வைத்தார். "ஒருத்தருக்குன்னா சபையில கேக்க முடியாதும்மா. ஊரு கொறையா இருக்கணும்."

"ஊரு கொறதாங்க," என்றேன்.

அதை நான் நியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் பாதி நியாயம், பாதி வீம்பு. அந்த வீம்புக்காக அம்மா ஐந்து மாதம் கூடுதலாகக் காத்திருந்தாள். அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டாம் என்று நான் சொன்னதே அவளுக்குத் தெரியாது.

வினாவை அழகாக எழுதினேன். (அ) காது கேட்கும் கருவி கோரிக் காரைக்கால் பகுதியில் நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை? (ஆ) அம்மனுக்கள் எப்போது முடிவு செய்யப்படும்? 'நிலுவை' என்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அலுவலகக் கடிதங்களில் அது வரும். படித்தவள் எழுதியதுபோல் இருந்தது. மீன் மார்க்கெட்டில் அம்மாவோடு உட்காரும் பெண்கள் எல்லோரிடமும், நம் விஷயத்தை அமைச்சர் எழுந்து நின்று சொல்லப் போகிறார் என்று சொல்லி வைத்தேன்.

பேரவையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார இடம் வாங்கியிருந்தேன். எங்கள் வினா எண்ணைப் பேரவைத் தலைவர் கூப்பிட்டார். ஐயா எழுந்தார். அமைச்சரும் எழுந்தார்.

"அ, ஏதுமில்லை. ஆ, இவ்வினா எழவில்லை."

ஐயா தாளைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். ஏதுமில்லை என்ற பதிலின் மேல் துணைக் கேள்வி எதைக் கேட்பது? உட்கார்ந்துவிட்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். மூச்சை இழுத்து விடும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்து கேட்ட கேள்வி எழவே இல்லையாம்.

மறுநாள் காலையில் அம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, என் வாயை அவள் பார்க்கும்படி சொன்னேன். "நிலுவை இல்லையாம்மா."

"நிலவு இல்லையா? அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்கே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்கு என்ன புரிந்ததோ, ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏலத்துக்குக் கிளம்பினாள்.

டிரம்முக்குள் இருந்த மனுவை எடுத்துக்கொண்டு நான் அந்தச் சமூக நல அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மனுக்களை வாங்கும் இடத்தில் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. மனுவை அவர் முன்னால் வைத்து, "இது நிலுவையில இல்லையா?" என்று கேட்டேன்.

"வாங்கி நம்பர் போட்டாத்தானே நிலுவை. இத நான் வாங்கவே இல்லியேம்மா."

"அப்ப நிராகரிச்சீங்களா?"

"அய்யய்ய, அதுவும் இல்ல. நிராகரிச்சா பேனாவுல எழுதி முத்திர வக்கணும். அப்புறம் அந்தப் பாரம் வீண். இவங்க மறுபடி புதுப் பாரம் வாங்கி, எல்லாக் கையெழுத்துக்கும் மறுபடி அலையணும். அதுக்குத்தான் பென்சில்ல எழுதித் தர்றேன். சான்று கெடச்சதும் அழிச்சுட்டு அதையே கொண்டாரலாம்ல? வயசானவங்க, மீன் விக்கிறவங்க, கூலிக்குப் போறவங்க. எத்தன தடவ அலைவாங்க?"

கொண்டு போயிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் மனசு நல்ல மனசு. அந்த நல்ல மனசினாலேயே என் அம்மா எந்தக் கணக்கிலும் வரவில்லை. அமைச்சர் பொய் சொல்லவில்லை. அலுவலகமும் பொய் சொல்லவில்லை. தவறான சொல்லைப் போட்டுக் கேட்டது நான்தான்.

அன்றிலிருந்து திருப்பிக் கொடுத்த மனுக்களைத் தேடினேன். முதலில் மீன் மார்க்கெட்டில், பிறகு அவர்கள் சொன்ன இடங்களில். ஒருவர் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒருவர் மெத்தைக்கு அடியில். அம்பகரத்தூரில் வயல் வேலைக்குப் போகும் ஒரு அத்தை பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தார். ஆனால் மூலையில் எழுத்து இல்லை.

"பென்சில்ல எழுதித் தரலியா அத்தை?"

"தந்தாங்க. அத அழிச்சுட்டுக் கொண்டாங்கன்னு சொன்னாங்கல்ல? வந்த அன்னிக்கே அழிச்சுட்டேன்." அவருக்கு ஒரு காதில் கொஞ்சம் கேட்கும். அந்தக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "நம்ம மனுவுல அழுக்கு இருக்கக் கூடாதுன்னு ரப்பர் வாங்கி அழிச்சேன்."

சான்று வாங்கிய பிறகு அழிக்க வேண்டியதைச் சான்று இல்லாமலே அழித்திருந்தார். அவர் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்திருந்தார்கள். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. நான் ஒவ்வொன்றையும் அப்படிச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருந்தது. நகல் எடுத்து, அழிந்திருந்த வரியை நகலில் குறித்துக்கொண்டு, "இனிமே அழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். காது கேட்காதவர்களிடம் வீடு வீடாகக் கத்திச் சொன்னதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

புதிய வினா இப்படி இருந்தது. (அ) காது பரிசோதனைச் சான்று இல்லாததால், பெற்றுக்கொள்ளாமல் கையிலேயே திருப்பித் தரப்பட்ட மனுக்கள் எத்தனை? (ஆ) அவற்றுக்குப் பதிவேடு உண்டா? (இ) அச்சான்றைக் காரைக்காலிலேயே பெற வழி உண்டா?

ஐயா படித்தார். "நல்லாருக்கு. ‘நிலுவை’ன்னு ஒரு வார்த்த போட்டுருந்தியே, அது எங்க?"

"அந்த வார்த்தைக்குள்ள எங்கம்மா இல்லீங்கய்யா."

அவர் கையெழுத்துப் போட்டார். துணைக் கேள்விக்கான குறிப்பைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் தலைப்பில், 'ஊழியர் மேல் குறை இல்லை. பரிசோதகர் வராததுதான் குறை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பென்சில் அக்காவுக்கு என்னால் ஒரு கேடு வந்துவிடக் கூடாது என்று பயம்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி மாடத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை மார்க்கெட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அமைச்சர் எழுந்தார். கையிலேயே திருப்பித் தந்த மனுக்களுக்குப் பதிவேடு வைக்கப்படுவதில்லை, எனவே எண்ணிக்கை இல்லை என்றார். மூன்றாவது பகுதிக்கு, புதுச்சேரியில் வசதி உள்ளது என்றார்.

ஐயா நகல்களைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எண்ணிக்கை என் கையில இருக்குதுங்க. எல்லாத்துலயும் ஒரே வரிதான் எழுதிருக்கு."

"போன கூட்டத்தில் நிலுவை இல்லை என்று சொன்னோம். அது சரியான பதில்தானே?" என்றார் அமைச்சர்.

"சரிதாங்க. நிலுவைக்கு வர்றதுக்கு முன்னாடியே திரும்பி வூட்டுக்குப் போயிடுது."

அவையில் சிரிப்பு எழுந்தது. அமைச்சரும் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டு, மாதந்தோறும் ஒரு நாள் பரிசோதகர் காரைக்காலுக்கு அனுப்பப்படுவார் என்றார். நான் மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பரிசோதனை நாளுக்கு அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நான் நின்றேன். அம்மா அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். பரிசோதகர் இளைஞர். எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

"அம்மா, இப்ப நான் சத்தமே வக்கலியே. ஏன் அழுத்துறீங்க?"

"எங்களுக்காக அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்கீங்க, தம்பி. ஒண்ணுமே கேக்கலன்னா ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு நான் உள்ளே போய், கேட்காவிட்டால்தான் கருவி கிடைக்கும் என்று விளக்கினேன். அதன் பிறகு அம்மா நேர்மையாக உட்கார்ந்தாள். பொத்தான் பக்கம் விரல் போகவே இல்லை.

கருவி வந்த மறுநாள் ஏலத்துக்கு நானும் கூடப் போனேன். அம்மா சித்தப்பாவின் வாயைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒரு கூடைச் சங்கராவை எடுத்தாள். எடுத்துவிட்டுக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இம்புட்டா கத்துவாங்க? நான் எல்லாரும் மெதுவா பேசிக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்."

அன்று மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயா தொலைபேசியில் சொல்கிறேன் என்றதையும் நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன். ஐந்து மாதம் முன்னாலேயே கிடைத்திருக்கலாம் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி, போ," என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "இனிமேயாச்சும் என்கிட்ட மெதுவா பேசு. நீ கத்துறது காத கிழிக்குது," என்றாள்.

இருபது வருடமாக அவளிடம் நான் கத்தித்தான் பேசியிருக்கிறேன். மெதுவாகப் பேச எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. "அம்மா" என்று சின்னக் குரலில் கூப்பிட்டுப் பார்ப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். "என்னா?" என்பாள். "ஒண்ணும் இல்ல," என்பேன். இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது மாதம் பரிசோதகர் வந்தார். மூன்றாவது மாதம் வரவில்லை. அம்பகரத்தூர் அத்தை முதல் இரண்டு மாதமும் நடவு வேலையால் வர முடியாமல், அந்த மூன்றாவது மாதம் வந்து, மாலைவரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அதைச் சொன்னதே அம்மாதான். மார்க்கெட்டில் பின்னால் யாரோ பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது.

ஐயாவிடம் சொன்னேன். "ஃபோன் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"போடுங்கய்யா. எழுத்துலயும் குடுத்துடலாம்."

பேரவையில் ஓர் அமைச்சர் 'செய்வோம்' என்று சொன்னால் அது வாக்குறுதி. அது நிறைவேறியதா என்று பார்க்க உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழு இருக்கிறது. உறுதிமொழிக் குழு என்று பெயர். அன்றைய அவை நடவடிக்கையின் அச்சுப் பிரதியை வாங்கி, அமைச்சர் சொன்ன வாக்கியத்தை ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்து எழுதினேன். 'மாதந்தோறும்' என்பதற்குக் கீழே கோடு போட்டேன். பரிசோதகர் வந்த நாட்களையும் வராத நாளையும் எழுதினேன். அன்று காத்திருந்து திரும்பியவர்களின் பெயர்களை இணைத்தேன். அத்தையின் பெயர் முதலில் இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். ஐயா கையெழுத்துப் போட்டார்.

நேற்று விடிகாலைப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய், குழுவின் அலுவலகத்தில் அதைக் கொடுத்தேன். அவர்கள் வாங்கி, எண் போட்டு, என் நகலில் முத்திரை வைத்துத் தந்தார்கள்.